பதிலுக்குக் காத்திருக்கும் பெட்டி

1

இங்கிலாந்தின் வடக்கில், நூற்பாலைப் புகைபோக்கிகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊருக்கு நாங்கள் வந்து ஐந்து ஆண்டுகள் நிறைந்த அன்று நெய்ச்சோறு ஆக்குவதாக இருந்தேன். அரிசியைக் களைந்து வைத்த நேரத்தில் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் என் மகள் ஆயிஷா படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை. மறுநாள் காலை தன்னை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த அரிசியை வெறும் சோறாகவே வடித்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

மேலே போகுமுன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை மூன்று: குளிரைத் தாங்குகிறாயா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், என்ன வேலை பார்க்கிறாய்.

குளிர் எனக்குப் புதிதல்ல. கொடைக்கானல் பஜாரில் பிறந்து வளர்ந்தவள் நான். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் என் தகப்பனார் அங்கே கம்பளிக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் இங்கே வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மையார், வெயில் நாட்டுப் பெண் விறைத்துப் போய்விடுவாளே என்று இரண்டு கம்பளிகளைச் சுமந்துகொண்டு வந்தார். நான் பழக்க தோஷத்தில் அவற்றைத் தடவிப் பார்த்து, நெசவு நன்றாக இருக்கிறது, ஓரம் மட்டும் சீக்கிரம் பிரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். இன்று எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளெல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வருகின்றன.

அரிசியும் மிளகாயும் ஒரு பாகிஸ்தானியர் கடையில் கிடைக்கின்றன. பெயர்தான் இன்னும் சரியாகவில்லை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும் அலுவலகங்களில் அத்தா பெயரைச் சொன்னேன். கணவர் வேலை பார்க்கும் இந்த ஊர் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு வேறு பெயர் பதிவாகிவிட்டது. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு பெயர்கள். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆனதை ஒவ்வொரு வருஷமும் ஒரு புதிய குமாஸ்தாவுக்கு நிரூபிக்கிறோம். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்கிறார்கள்.

மூன்றாவது, வேலை. பள்ளிகளுக்கான கற்பிக்கும் பெட்டிகள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பெட்டியின் முன்னால் ஒரு சிறு ஜன்னல், கீழே பொத்தான்கள். ஜன்னலில் படம் தெரியும். ஒலிநாடா கேள்வியை வாசிக்கும். பிள்ளை சரியான பொத்தானை அழுத்தினால் அடுத்த கேள்வி வரும். தவறானதை அழுத்தினால் படச்சுருள் பின்னால் ஓடி, பழைய பாடத்தையே மறுபடி காட்டும். புதிய பெட்டிகளில் ஒரு கடிகாரமும் சேர்த்திருக்கிறோம். குறித்த நேரத்துக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால், தவறு என்று எண்ணிக்கொண்டு பெட்டி நகர்ந்துவிடும்.

எங்கள் மேலாளர் ஃபிராங்க், இன்னும் இருபது வருஷத்தில் வகுப்பறையே இருக்காது என்கிறார். எழுபதுகள் பிறந்ததும், தொலைக்காட்சியைப் பார்த்தே பட்டம் வாங்கும் பல்கலைக்கழகம் ஒன்று இங்கே வரப்போகிறதாம். ஆசிரியர்கள் எங்கள் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் நான் பார்த்த முதல் கற்பிக்கும் பெட்டி இதுவல்ல.

2

ஐம்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் பஜார் பள்ளிக்கு ஒரு வானொலிப் பெட்டி வந்தது. பள்ளிகளுக்கென்று தனியாகப் பாடம் ஒலிபரப்பினார்கள். பெட்டி சொந்தமில்லை, ஒரு வருஷம் பார்ப்பார்கள், பயன்படவில்லை என்றால் பழனியில் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று கல்வித் துறையினர் சொல்லித்தான் வைத்துவிட்டுப் போனார்கள். ஏரியல் கம்பியைப் பள்ளிக்கூடத்துப் பேரிக்காய் மரத்தில் கட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் வால்வு சூடேறிக் குரல் வரும்வரை முப்பது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்போம்.

எங்கள் ஐந்தாம் வகுப்புக்கு சரோஜா டீச்சர். பயிற்சி முடித்து, கீழே பழனியிலிருந்து முதல் வேலைக்கு வந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் மஃப்ளர் சுற்றியிருப்பார். வானொலியைத் தொடவே பயப்படுவார். முதல் வாரம் ஒரு காரியம் செய்தார். வானொலியில் பேசியவர் ஒரு கேள்வி கேட்டதும், நாங்கள் நிதானமாகப் பதில் சொல்லட்டும் என்று பெட்டியை அணைத்துவிட்டார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு திருப்பிப் போட்டால், பாடம் கேள்வியை விட்டு எங்கோ போயிருந்தது.

"இவரு நமக்காக நிக்க மாட்டாரு போலயே," என்றார் டீச்சர், பெட்டியைப் பார்த்து.

மழைக்காலத்தில் இரைச்சல் வேறு. பின்வரிசைக்குக் கேள்வியே எட்டாது. அதற்காக டீச்சர் பொன்னுத்தாயியைப் பெட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் வெள்ளகவிக்காரி, படிப்புக்காகப் பஜாரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அவள் ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான் உண்டு. ஒரு சரிவில் நின்று எதிர்ச்சரிவில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுடையது. வானொலியில் வருவதைக் கேட்டு அவள் திருப்பிச் சொல்வாள். நாங்கள் ஒவ்வொருவரும் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். அதன் பிறகுதான் பதில்.

பொன்னுத்தாயி உள்ளது உள்ளபடி சொல்ல மாட்டாள். "கடல் நீர் மேகமாக மாறுவது எவ்வாறு?" என்று பெட்டி கேட்கும்.

"ஏலே, கடல்ல கெடக்குற தண்ணி எப்பிடி மேல ஏறி மேகமாச்சுனு கேக்குறாரு. வெரசா சொல்லுங்க, அவரு போயிருவாரு," என்பாள் இவள்.

அதே பாடத்தில் அந்த மனிதர், "குழந்தைகளே, இப்போது ஜன்னல் வழியாக அண்ணாந்து பாருங்கள், மேகங்கள் தெரிகின்றன அல்லவா?" என்றார். நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடிக் குனிந்து பார்த்தோம். பெரியகுளம் பக்கத்துப் பள்ளத்தில் மேகம் கிடந்தது. எங்களுக்கு மேலே வெறும் நீலம்.

"அண்ணாந்து பாக்கச் சொல்றாரு, நீங்க ஏன் குனியுறீங்க?" என்று டீச்சர் கேட்டார். சமவெளிக்காரரான அவருக்கு அப்போதுதான் மேகம் கீழே இருப்பது தெரிந்தது. மஃப்ளரைப் பிடித்துக்கொண்டு அவரும் எட்டிப் பார்த்தார். அன்று பாடத்தில் பாதி போய்விட்டது.

வருஷ முடிவில், பெட்டி இருக்கலாமா கூடாதா என்று பார்க்கக் கீழேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பாடம் ஓடுகிறது, பொன்னுத்தாயி கூவுகிறாள், முப்பது வாய்கள் முணுமுணுக்கின்றன. இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்து, என்ன இது சந்தைக்கடை மாதிரி என்று கேட்டார். டீச்சர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவங்க கேள்விய வாங்கிக்கிறாங்க சார்," என்றார் டீச்சர். "வாங்கிக்காம எப்பிடிங்க சார் பதில் குடுக்கிறது?"

இன்ஸ்பெக்டர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பாடம் முடிந்ததும் பொன்னுத்தாயியைக் கூப்பிட்டு, தானே ஒரு கேள்வி கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நீளமான, புத்தகத்தனமான கேள்வி. அவள் அதை ஒரே வரியில் முறித்துப் பின்வரிசைக்கு வீசினாள். கைகள் உயர்ந்தன. அவர் சிரித்துக்கொண்டே, சரி, பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெட்டி இருந்ததால்தான் எனக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. பிறகு மதுரைக்குப் போய் வானொலிப் பொறியியலில் டிப்ளமா படிக்க ஆசைப்பட்டேன். பழனியிலிருந்து வந்த உறவுக்காரர்கள், பொம்பளப்புள்ள கம்பி திருகவா படிக்குது என்று அத்தாவைக் கேலி செய்தார்கள். அத்தா கம்பளியை மடித்துக்கொண்டே, "கடை ரேடியோ கெட்டுப் போனா மதுரைக்குத்தான அனுப்புறேன். இனி மககிட்ட குடுக்குறேன், ரிப்பேர்க் கூலி வீட்டுக்குள்ளயே இருந்துட்டுப் போகுது," என்றார். நான் படித்தேன்.

3

தலைமையாசிரியை ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுகிறவர். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் அதிகாரி வந்து வாய்மொழித் தேர்வு நடத்தியதைச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் கொடுத்திருக்கிறார். ஆயிஷா பெரும்பாலான கேள்விகளுக்குப் பதிலே சொல்லவில்லை. அடுத்த பருவத்திலிருந்து அவளை மந்தமான பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது அதிகாரியின் பரிந்துரை. அங்கே வகுப்பு சிறியது, கவனிப்பு அதிகம் என்று தலைமையாசிரியை சேர்த்துச் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டி எங்கள் தெரு முனையில் நிற்கும். அதில் ஏறுபவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். ஏறிய பிள்ளை எதுவும் சாதாரணப் பள்ளிக்குத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வண்டியில் போகிறவர்களை யாரும் மதுரைக்கோ வேறெங்கோ டிப்ளமா படிக்க அனுப்பப் போவதில்லை.

வீட்டில் பேசுவாளா என்று அவர் கேட்டார். எங்களைத்தான் பேசவிட மாட்டாள் என்றேன்.

"விநோதமாக இருக்கிறது," என்றார் அவர். "கேள்வி கேட்டதும் அவள் உதடுகள் அசைகின்றன. சத்தம் வருவதில்லை. பிறகு நேரம் முடிந்துவிடுகிறது."

அந்த உதடுகளை எனக்குத் தெரியும்.

பள்ளி விட்டு வரும்போது ஆயிஷாவிடம், தேர்வில் என்னடி செய்தாய் என்று கேட்டேன். அவள் சாலைக் குழிகளில் தேங்கிய தண்ணீரை மிதித்துக்கொண்டே வந்தாள்.

"மொதல்ல கேள்விய வாங்கிக்கிட்டேம்மா. ஒங்க டீச்சர் கதையில நீதான சொன்ன."

"எப்படி வாங்குன?"

"நம்ம பேச்சுல ஒரு தடவ சொல்லிக்குவேன். அப்பறம் அவங்க பேச்சுல பதில் தேடுவேன். தேடுறதுக்குள்ள அந்த ஆளு அடுத்ததுக்குப் போயிர்றாரும்மா."

கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுபோய், பதிலை இங்கிலீஷுக்குத் திருப்பிக் கொண்டுவர அவளுக்கு இரண்டு மடங்கு தூரம். பொன்னுத்தாயி ஒரு வகுப்புக்கே செய்ததை இவள் தனக்காகத் தானே செய்துகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் தேநீர் கலந்து எனக்கும் ஒரு கோப்பை தந்தார். இனிமேல் வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசிவிடலாமா என்று கேட்டார். இங்கே நம்மவர்கள் பலர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னால் உடனே சரியென்று சொல்ல முடியவில்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். "அவ பேச்ச மாத்துறதுக்கு முன்னால, நேரத்த மாத்த முடியுமானு பாத்துட்டு வந்துர்றேன்."

4

எங்கள் தொழிற்சாலையின் பெட்டி ஒன்று சோதனைக்காக அதே பள்ளியில் வைக்கப்பட்டிருந்தது. கடிகாரம் சேர்த்த புதிய பெட்டி. அதன் கடிகாரத்தைக் கழற்றிவிட அனுமதி கேட்டு ஃபிராங்கிடம் போனேன்.

ஃபிராங்க் கடற்படையில் ரேடியோ பார்த்தவர். கடுகடுவென்று இருப்பார், ஆனால் எனக்கு ஒரு பழைய உபகாரம் செய்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கிளம்பும்போது ஊர் வழக்கப்படி "போய்விட்டு வருகிறேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மனிதர் நான் திரும்பி வருவேன் என்று விளக்கை அணைக்காமல், கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாள் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடிகாரம் வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை என்றார். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஒருவன் ஒரே கேள்வியில் உட்கார்ந்துவிடக் கூடாதே என்றார். அதில் நியாயம் இருக்கிறது. நான் சரோஜா டீச்சரையும் அணைத்துப் போட்ட வானொலியையும் பற்றிச் சொன்னேன். ஒலிபரப்பு நிற்காது, அதற்கு அன்று வழியில்லை. இந்தப் பெட்டியால் நிற்க முடியும், நாம்தான் நிற்க விடாமல் கம்பி இணைத்திருக்கிறோம் என்றேன்.

"உன் மகளுக்காகக் கேட்கிறாயா?" என்றார்.

"ஆமாம். அவள் வகுப்பில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள்."

அவர் மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு சிறு சுவிட்சை எடுத்து என் முன் வைத்தார். கழற்ற வேண்டாம், இதை இடையில் போட்டுவிடு, வேண்டியவர்கள் கடிகாரத்தை ஓட்டட்டும், வேண்டாதவர்கள் நிறுத்தட்டும் என்றார். அன்றே பள்ளிக்குப் போய், ஆயிஷாவைக் கடிகாரம் இல்லாமல் ஒருமுறை பார்க்கும்படி தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு, அதைப் பற்றவைத்தேன்.

5

மறுநாள் ஆயிஷா பெட்டியின் முன் உட்கார்ந்தாள். பக்கத்தில் தலைமையாசிரியை. நான் ஓரமாக, சிறுபிள்ளை நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். அவளுக்குச் சைகைகூடக் காட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

பெட்டி கேட்டது. அவள் உதடுகள் அசைந்தன. காத்திருந்தோம். பொத்தானை அழுத்தினாள், சரி. அடுத்த கேள்வி, மறுபடி உதடுகள், மறுபடி சரி. கொஞ்ச நேரம் போனதும் தலைமையாசிரியை தன் கைக்கடிகாரத்தை ஸ்வெட்டர் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

அப்போது ஒரு கேள்வி வந்தது. ஜன்னலில் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு மலை, ஒரு மேகம். இவற்றில் எது எல்லாவற்றிலும் உயரத்தில் இருக்கிறது?

ஆயிஷா மலையை அழுத்தினாள். படச்சுருள் பின்னால் ஓடிப் பாடத்தைத் திருப்பிக் காட்டியது. அதே கேள்வி. அவள் யோசித்து, மறுபடி மலையை அழுத்தினாள். சுருள் மறுபடி பின்னால் ஓடியது. மூன்றாவது முறையும் அதுவே. பெட்டி பொறுமையாகத்தான் இருந்தது. மாலைவரை கேட்டாலும் அதே குரலில் அதையேதான் கேட்டிருக்கும்.

தலைமையாசிரியை குனிந்து, ஏன் மலை என்று அவளிடம் கேட்டார்.

உதடுகள் அசைந்தன. அவர் காத்திருந்தார்.

"எங்கள் அம்மாவின் ஊர் மலைமேல் இருக்கிறது," என்று ஆயிஷா இங்கிலீஷில் சொன்னாள். "அங்கே ஜன்னலில் குனிந்து பார்த்தால் மேகம் கீழே இருக்கும். அப்படியென்றால் மலைதானே உயரம்?"

தலைமையாசிரியை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது உண்மைதானா என்று கேட்டார். நான் படித்த பள்ளிக்கூட ஜன்னலிலிருந்தே தெரியும் என்றேன். அவர் பெட்டியை அணைத்தார். ஆயிஷாவை விளையாட அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

"நாங்கள் கேட்காத கேள்விக்கு இவளிடம் பதில் இருக்கிறது. இந்தப் பிள்ளையை நான் எங்கேயும் அனுப்பப் போவதில்லை. அதிகாரியிடம் நானே பேசிக்கொள்கிறேன்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அவர் சொன்னது ஒருமுறை தமிழில் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

6

அதிகாரி மறுபடி வந்தார். இம்முறை நேரம் பார்க்காமல் கேட்டார். தலைமையாசிரியை பக்கத்திலேயே இருந்தார். ஆயிஷா தன் வகுப்பிலேயே இருக்கிறாள். அவளோடு இன்னும் சில பிள்ளைகளுக்கும் அப்படியே திருப்பித் தேர்வு வைத்தார்கள். தெருமுனை வண்டி இன்னும் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவன், ஜமைக்காவிலிருந்து வந்த அவள் சிநேகிதன், இப்போது அதில் ஏறுவதில்லை.

நெய்ச்சோறு தாமதமாக ஆக்கினேன். மார்கரெட் அம்மையாரையும் கூப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு, நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் யார் யார் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அத்தா. சரோஜா டீச்சர். முகத்தைச் சுளித்தாலும் கடைசிவரை உட்கார்ந்து கேட்ட அந்த இன்ஸ்பெக்டர். பொன்னுத்தாயி. அவள் இப்போது ஆடலூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போய், காப்பித் தோட்டத்தில் சோலி பார்க்கிறாள் என்று அத்தா எழுதினார். அவளுக்கும் பள்ளி வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களாம். ஃபிராங்க். தலைமையாசிரியை. வரிசையில் பாதிப் பேருக்கு மற்ற பாதிப் பேரைத் தெரியாது.

ஊரில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் கடிதத்தில் என்னிடம் கேட்கிறார்கள்: பெட்டிகள் வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகளின் கதி என்ன? வரட்டும். எங்கள் மலைக்கு வந்த ஒரு பெட்டிதான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது. வரும்போது அதில் நிறுத்தி வைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில், ஏன் என்று கேட்க ஒரு மனுஷி இருக்கிறாரா என்றும் பாருங்கள். முதலாவதை எங்களைப் போன்றவர்கள் செய்து தர முடியும். இரண்டாவது எந்தத் தொழிற்சாலையிலும் கிடைக்காது.

இப்போது ஆயிஷா வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிறாளாம். உதடுகள் அசைவதில்லையாம். தலைமையாசிரியை மகிழ்ச்சியோடு சொன்னார், எனக்கும் மகிழ்ச்சிதான்.

நேற்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் சடையைப் பின்னிக்கொண்டே, "அடுத்த வருஷம் ஊருக்குப் போனா மொதல்ல என்னடி பாக்கணும் ஒனக்கு?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல், என் கேள்வியை அவள் இங்கிலீஷில் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, நான் காத்திருந்தேன்.